தண்ணீரை மூடிய கை

குயின்ஸ்லாந்து
9 மார்ச் 2017

அன்பு மகள் ஜோசலினுக்கு அப்பா எழுதுவது. நான் நலம் என்று எழுதினால் பொய்யாகிவிடும், ஆகவே உன் நலத்தையும் மாப்பிள்ளை கிரேமின் நலத்தையும் மட்டும் விசாரிக்கிறேன். கிளாஸ்கோவில் குளிர் இன்னும் விடவில்லை என்று அம்மா சொன்னாள், கழுத்துக்குத் துணி சுற்றாமல் ஆஸ்பத்திரி வேலைக்குக் கிளம்பாதே. இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. இந்த வருடம் வௌவால்கள் நமக்கு ஒரு மாம்பழம்கூட மிச்சம் வைக்கவில்லை, அம்மா அவற்றைத் திட்டிய திட்டில் பக்கத்து வீட்டு நாய் போய் ஒளிந்துகொண்டது.

போனில் அம்மா உனக்குச் சொன்னது பாதிதான். என் நெஞ்சில் இருப்பது வயதுக் கோளாறு இல்லை, முப்பது வருடக் கரித்தூசி. நஷ்டஈடு கேட்டு மனுப் போட்டிருக்கிறேன். யூனியன் வக்கீல் ஃபாரோ சின்னப் பெண், ஆனால் கெட்டிக்காரி. போன செவ்வாய்க்கிழமை, சுரங்கக் கம்பெனி அனுப்பிய தாள் ஒன்றை அவள் என் முன்னால் வைத்தாள். சுரங்கத்தில் கரி வெட்டும்போது தூசி அடங்கத் தண்ணீர் எப்போதும் தெளிக்கப்பட்டது என்று அதில் எழுதியிருந்தது, கீழே என் கையெழுத்து. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் நான் போட்டது. என்னோடு வேலை பார்த்த வெர்னை மறந்திருக்க மாட்டாய், உனக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தவன். அவன் இதே நோயில் செத்தபோது அவன் மனைவி நோரீன் நஷ்டஈடு கேட்டாள். இந்தத் தாளைக் காட்டித்தான் அவளை வெறுங்கையோடு அனுப்பினார்கள்.

உண்மையில் தண்ணீர் பாதி நாள் ஓடவே இல்லை. ஈரக் கரி, அதை வெளியே கொண்டுபோகும் பெல்ட்டில் அப்பிக்கொள்ளும், வெட்டிய கணக்கு குறையும், போனஸ் போய்விடும். அதனால் நாங்களே குழாயை மூடுவோம். ஷிப்டுக்குப் பொறுப்பு நான், மூடியதும் பெரும்பாலும் என் கைதான்.

இப்போது எனக்கு வருவது வெர்னுடைய இருமல், ஜோஸ். ஒரு சின்னச் செருமல், கொஞ்சம் இடைவெளி, பிறகு அடுக்கடுக்காக. நான் நிறுத்திய பிறகும் யாரோ பின்னால் நின்று இருமி முடிப்பது போலிருக்கிறது. சவரம் செய்யும்போதும் ரொட்டிக் கடை வரிசையில் நிற்கும்போதும் திரும்பிப் பார்த்துவிடுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. இதை அம்மாவிடம் சொல்லிவிடாதே.

அந்தத் தாள் பொய் என்று சொல்லிவிடட்டுமா என்று ஃபாரோவைக் கேட்டேன். "அன்னிக்குப் பொய் சொன்னவரு இன்னிக்கு நிஜம் சொல்றாருன்னு யாரு நம்புவாங்க? குழாயை மூடினதும் நீங்கதான். உங்க கேஸே கவுந்துடலாம், யோசிச்சுக்குங்க" என்றாள். இரண்டு நாள் யோசித்துவிட்டு நோரீன் வீட்டுக்குப் போனேன். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கத்தியைக் கீழே வைக்காமலே, "தெரியும். நீங்க கையெழுத்துப் போடுவீங்கன்னு அவரு சாகறதுக்கு முன்னாடியே சொன்னாரு. அவன் பொண்ணு படிக்குது, வேலையை விட முடியாது, அவனுக்கு வேற வழியில்ல, கோவிச்சுக்காதேன்னாரு. நான் கோவிச்சுக்கிட்டேன். இன்னிக்கும் கோவம்தான்" என்றாள். உட்காரச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் என்னால் உட்கார முடிந்திருக்காது.

உன் படிப்பால்தான் என்று நீ மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே. கை என்னுடையது. நடந்ததை நடந்தபடி எழுதி நேற்று ஃபாரோவிடம் கொடுத்துவிட்டேன், நகல் ஒன்று நோரீனுக்கும் போகிறது. அவள் வழக்கை மறுபடி எடுக்க வழியுண்டாம். எனக்கு ஒன்றும் கிடைக்காமல் போனால், எனக்குப் பிறகு அம்மாவை நீதான் உன்னோடு வைத்துக்கொள்ள வேண்டும்.

நீயும் மாப்பிள்ளையும் நெஞ்சு நிறைய மூச்சு விட்டுக்கொண்டு நீண்ட நாள் வாழ வேண்டும், அதைத் தவிர நான் ஒன்றும் வேண்டுவதில்லை. உனக்கு ஒரு வேலை இருக்கிறது, தள்ளிப்போடாதே. தண்ணீர் ஓடும் இடத்திலிருந்து வருகிறவன் உடுப்பு நனைந்திருக்கும். என் உடுப்போ காய்ந்தே இருக்கும், அதை நீயும் அம்மாவும் வேலியில் அடித்து அடித்துத் தூசி தட்டினீர்கள், உங்கள் மூச்சைப் பற்றிக்கூட நான் நினைத்ததில்லை. உனக்கு நினைவிருப்பதை எழுதிக் கையெழுத்திட்டு ஃபாரோவுக்கு அனுப்பு. எழுதும்போது என்னை நல்லவனாக்கிவிடாதே, நோரீன் அதைப் படிப்பாள்.

உன் அப்பா,
ரோலண்ட்