மெழுகு எடுக்காத துணி

ஜூன் 13, திங்கள்

விடியலிலிருந்து மழை. சாயம் போட்ட துணி ஒன்றும் காயவில்லை. மண்டபத்துக் கதிரைகள் எல்லாவற்றின் முதுகிலும் விரித்துப் போட்டாயிற்று. வாங்க வேண்டியவை: மண்ணெண்ணெய், நீலச் சாயம், எனக்குத் தலையிடிக் குளிசை.

மெழுகு பூசித் துணிக்குச் சாயம் ஏற்றும் இந்தப் பத்திக் பட்டறையைத் தொடங்கும்போது நான் நினைத்தது வேறு. பொலிஸ் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போன வீடுகளின் பெண்கள் வருவார்கள். வாயால் சொல்ல முடியாததைத் துணியில் வரைவார்கள். தேவாலய மதிலில் தொங்கவிட்டால் கண்டி வீதியில் போகிறவர்கள் பார்ப்பார்கள். பார்த்தார்கள்தான், சிலர். இப்போது ஃபாதரும் பயந்துவிட்டார். "வீதிப் பக்கம் வேணாம் டீச்சர், உள்ளுக்கே தொங்கவிடுங்க." காசு தந்த வெளிநாட்டு நிறுவனமும் கையை விரித்துவிட்டது. இனிச் சொந்தக் காலில் நிற்க வேண்டுமாம். அதைப் படிப்பிக்கக் கொழும்பிலிருந்து ஓர் ஐயா வருகிறார்.

ஜூன் 15, புதன்

ஐயா வந்தார். நல்ல மனிதர், அதுதான் இன்னும் எரிச்சல். கரும்பலகையில் "கலைஞரும் முயற்சியாளரே" என்று எழுதினார். பெண்கள் வரிசையாகக் கை கட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

"உங்கட வாடிக்கையாளர் யார்? யாருக்காகச் செய்யிறீங்க? அதை முதல்ல யோசிக்கணும்."

கடைசியில் மேரி அக்கா எழும்பினாள்.

"பொலிசுக்குத்தானுங்க. அவங்க பாக்கணும்னுதான் செய்யிறேன்."

ஐயா சிரிக்கப் பார்த்து நிறுத்திக்கொண்டார். எனக்குக் கை தட்ட வேண்டும்போல இருந்தது.

மேரி அக்காவின் மகன் அன்ரனி. கடுகண்ணாவையில் ஒரு புடைவைக் கடையில் நின்றவன். வேலை முடிந்து வரும்போது சோதனைச் சாவடியில் பொலிஸ்காரர் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். அன்று போட்டிருந்தது வெள்ளைச் சட்டை. அவ்வளவுதான் தெரியும். அவள் துணியில் ஒரு பஸ், வீதி, நடுவில் அந்தச் சட்டை. சட்டை வெள்ளையாக நிற்க அதன் மேல் மெழுகு பூசி, சுற்றிலும் சாயம் ஏற்றிவிட்டாள். கொதிநீரில் போட்டு மெழுகை எடுத்தால் வேலை முடிந்தது. அதை மட்டும் செய்ய மாட்டாள். "அவன் வரட்டும் டீச்சர், அவனே எடுக்கட்டும்." துணி அப்பளம்போல விறைத்துப்போய் அலுமாரிக்கு மேல் கிடக்கிறது.

ஐயா அதையும் எடுத்துப் பார்த்தார். "அருமை. ஆனா முடிக்காத சாமானை விற்க ஏலாது, டீச்சர்." நான் ஓம் என்றேன். ஏன் ஓம் என்றேன்?

ஜூன் 18, சனி

வெயில். கடவுளே, வெயில்.

திகனையிலிருந்து சாஹப்தீன் நானா வந்தார். ஹோட்டல்காரருக்குச் சாமான் கொடுக்கிறவர். போன கலவரத்தில் அவர் கடையும் எரிந்தது. துணிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். சாவடி, லொறி, காலியான பாய்.

"கோவிக்க வாணாம் டீச்சர். இதப் பாத்தா எனக்கே நெஞ்சு வலிக்குது. வெள்ளக்காரன் கட்டிலுக்கு மேல இத மாட்டுவானா? யானை போட்டுத் தாங்க. பெரஹரா ஊர்வலத்துக்கு முந்தி எவ்வளவு இருந்தாலும் எடுக்கிறேன்."

யானை. சரி, யானை. பெண்களின் வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே. என் பெரிய எண்ணத்தை உலையில் போட முடியாது.

ஜூன் 21, செவ்வாய்

எல்லாரும் யானை வரைகிறார்கள். பழகிய கை, வேகமாக வருகிறது. பேச்சுகூடக் குறைந்துவிட்டது. முன்பு துணிக்கு மேல் குனிந்தபடி அழுவார்கள், ஏசுவார்கள், சில நாள் பாடுவார்கள். இன்று "தும்பிக்கை கொஞ்சம் நீளம்" என்பதோடு சரி. இதற்காகவா தொடங்கினோம் என்று கேட்க வெட்கமாக இருந்தது.

மேரி அக்கா வரவில்லை. காய்ச்சலாக இருக்கும்.

ஜூன் 24, வெள்ளி

மத்தியானம் மேரி அக்கா வந்தாள். ஈரக் குடையை மடிக்காமலே நின்றாள். தடுப்புக் காவலிலிருந்து விட்ட ஒரு பொடியன் கலகெதரையில் இருக்கிறான் என்று கேள்விப்பட்டுப் போயிருக்கிறாள். அன்ரனியோடு ஒரே அறையில் கிடந்தவனாம்.

"என்ன சொன்னவன் அக்கா?"

"இனித் தேடாதீங்கம்மான்னு சொன்னான்."

அலுமாரிக்கு மேலிருந்து துணியை அவளே எடுத்தாள்.

"தண்ணி வைங்க, டீச்சர்."

வைத்தேன். வேறு என்ன செய்ய? மற்றப் பெண்கள் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு வந்து நின்றார்கள். அவள் கம்பால் துணியை அமிழ்த்திக்கொண்டே இருந்தாள். சட்டை வெள்ளையாக வெளியே வந்தது. மெழுகு வெடித்துச் சாயம் இறங்கிய இடத்தில் மட்டும் தோளில் ஒரு நீலக் கீறல். அதை விரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை.

"முடிஞ்சிருச்சு. நானாகிட்டக் குடுத்துருங்க."

"விற்க மாட்டன் அக்கா."

"பெறகு எதுக்குங்க டீச்சர், யாரு பாக்க?"

குடையை மறந்துவிட்டுப் போய்விட்டாள்.

தண்ணீர் ஆறியதும் மெழுகு மேலே கட்டி நின்றது. வழித்து எடுத்து டின்னில் போட்டேன். நாளைக்கு யானைகளுக்கு வேண்டும்.