பெரியவர் வயலுக்கு ஒரு குரல்

மார்ச் 4
முறைத் தண்ணீர் விடும் நாள். வாய்க்கால் கரையில் கூடினோம். தண்ணீரைத் திறந்துவிடும் மடைக்காரர் ஒவ்வொரு வயலாகக் கூப்பிடுவார். அந்த வீட்டு ஆண் ஒருவன் "இருக்கேன்" என்று குரல் கொடுத்தால்தான் தண்ணீர்.

"பெரியவர் வயல்!"

ஊருக்கு அண்ணன்தான் பெரியவர். அவன் செத்து இது இரண்டாவது கோடை. "இருக்கேன்" என்றேன்.

"அச்சு அசல் உங்க அண்ணன் குரல்" என்று பின்னால் யாரோ சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேளாண்மையில் பட்டம் வாங்கியவன் நான். மேல்மடை வயலை அவனுக்கு எழுதி வைத்துவிட்டு, "உனக்குத்தான் படிப்பு இருக்கே" என்று வாய்க்கால் முடியும் கடைமடையின் உவர்மண்ணை என் தலையில் கட்டினார் அப்பா. அவன் போன பிறகும் அவன் இருப்பதாக நானே சொல்ல வேண்டியிருக்கிறது.

அண்ணி வேலமரத்தடியில், எப்போதும்போலத் தள்ளி நின்றார். நான் குரல் கொடுக்கும்போது கண்ணை மூடிக்கொள்கிறார்.

மார்ச் 7
காலையில் பல் தேய்க்கும்போது தொண்டையைச் செருமினேன். அடுப்படியிலிருந்து மனைவி ஓடி வந்து எட்டிப் பார்த்தாள். யார் என்று நினைத்தாளாம்.

மார்ச் 11
பாசனச் சங்கக் கூட்டம். மூன்றாம் வருடமாக மழை பொய்த்துவிட்டது, அணையில் சேறுதான் மிச்சம். இனி பாதி முறைதான். முதல் தடவை கூப்பிட்டதும் குரல் கொடுக்காதவர் தண்ணீர் கடைமடைக்குப் போகும். கடைமடை என்றால் நான்.

அண்ணி எழுந்தார். "என் பேரைக் கூப்பிடுங்க. நானே குரல் கொடுக்குறேன்."

தலைவர் சிரித்தார். "ராத்திரி மடை திறக்குற வேலையெல்லாம் இருக்கும்மா. பொம்பளைங்களைக் கூப்பிட முடியுமா? உங்க பாதுகாப்புக்குத்தான் சொல்றேன்."

"இத்தனை வருஷம் ராத்திரியில மண்வெட்டி பிடிச்சது யாரு? உங்க பெரியவரா? அவர் இங்க குரல் குடுத்துட்டு வீட்டுல போய்ப் படுத்துக்குவார். வரப்புல நின்னது நான். அப்ப எங்கே போச்சு உங்க பாதுகாப்பு?"

தலைவர் என் பக்கம் திரும்பினார். "அதான் கொழுந்தனார் குரல் குடுக்குறாரே. இல்லையா சார்?"

"ஆமா" என்றேன்.

வெளியே வரும்போது அண்ணி சொன்னார்: "உங்க வாயில அவர் பேசுறதை இன்னும் எவ்வளவு நாள் தம்பி நான் கேக்கணும்?"

மார்ச் 12
எனக்கு மட்டும் கேட்க ஆசையா?

மார்ச் 18
அண்ணியின் மக்காச்சோளம் பூவெடுத்து நிற்கிறது. இந்த முறை தவறினால் கதிரில் மணி பிடிக்காது. எனக்குத் தெரியும். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன்.

"பெரியவர் வயல்!"

வாயைத் திறந்தேன். அவன் குரல் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. என் குரலையாவது கொடுத்திருக்கலாமே? கொடுக்கவில்லை. தொண்டை அடைத்ததா, நான் அடைத்தேனா — எத்தனை முறை கேட்டாலும் தெரியவில்லை. மடைக்காரர் என்னையே பார்த்தார். பிறகு கம்பால் தரையைத் தட்டிவிட்டு அடுத்த வயலைக் கூப்பிட்டார்.

வேலமரத்தடியிலிருந்து "இருக்கேன், நான் இருக்கேன்" என்று அண்ணி கத்தினார். ஒருவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

நானும்தான்.

மார்ச் 19
தண்ணீர் வந்தது. அவருடைய தண்ணீர். என் பயிர் ஏற்கெனவே கருகியிருந்தது. உவர்மண் ஒரே மடக்கில் குடித்துவிட்டு வெள்ளையாக உப்புப் பூத்துக் கிடக்கிறது. யாருக்கும் ஆகாத தண்ணீர்.

ஏப்ரல் 26
அண்ணி அறுக்கிறார். கதிரெல்லாம் பொக்கைவாய்.

மனைவி சோறு போடும்போது சொன்னாள்: "நம்ம வீட்டுக்குப் பாதி வருஷத் தானியம் அக்கா மேல்மடையில இருந்து அனுப்புனதுதான். நீங்க படிச்ச படிப்புல விளைஞ்சதுன்னு நினைச்சீங்களா?"

தட்டில் கை வைக்க முடியவில்லை. காய்ந்த சோளத்தாள் உரசும் சத்தம் காதிலேயே நிற்கிறது. ஜன்னலைச் சாத்தினாலும் நிற்கிறது.

ஜூன் 20
மழை பெய்தது. எல்லோரும் விதைத்தாயிற்று. அண்ணி விதைக்கவில்லை, கோழிப்பண்ணைக்கு வேலைக்குப் போகிறார். ஊருக்கே தானியம் விற்கிற அளவுக்கு விளைகிற மண் மேல்மடை மட்டும்தான். அது வெறுமனே கிடக்கிறது. கடையில் தானியம் விலை ஏறிவிட்டது. தலைவர் வீட்டுக்கே வந்தார். "மேல்மடை தரிசாக் கெடந்தா ஊரே கடைக்குத்தான் சார் ஓடணும். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

போனேன். அண்ணி வாசலோடு நிறுத்தினார். "என் பேரைக் கூப்பிட்டா விதைக்கிறேன். செத்தவர் பேருக்கு இனிமே உழைக்க மாட்டேன்."

ஜூன் 23
கூட்டத்தில் சொல்லிவிட்டேன்: "இனி நான் குரல் கொடுக்க மாட்டேன். அவங்களையே கூப்பிடுங்க." நியாயம் பேசுகிறேன் என்று இரண்டு பேர் முதுகில் தட்டினார்கள். நியாயமாவது ஒன்றாவது. அவன் என் தொண்டையை விட்டு இறங்கினால் போதும்.

தலைவர் முணுமுணுத்தார். ஆனால் மறுக்கவில்லை. பசி வந்தால் விதியெல்லாம் வளைகிறது.

ஜூலை 15
மழை விட்டு மீண்டும் முறைத் தண்ணீர். மேல்மடையில் அண்ணி விதைத்திருக்கிறார். மடைக்காரர் அண்ணியின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். இத்தனை வருடத்தில் அந்தப் பேரை யாரும் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை. அண்ணன்கூட "இந்தா" என்றுதான் கூப்பிடுவான்.

"இருக்கேன்."

உரத்த குரல் இல்லை. ஆனால் கரை முழுக்கக் கேட்டது. மடை திறந்தார்கள்.

மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு என் பக்கமாக வந்தார். ஏதாவது சொல்வார் என்று நின்றேன்.

"கொஞ்சம் வழி விடுங்க" என்றார்.

தம்பி என்று சொல்லவில்லை.