மிளகுத் தும்மலும் இரண்டு கோடும்

அலுவிகாரை,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் றுஸ்னாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். மெல்பேர்னில் நீயும் மருமகனும் வயிற்றுப் பிள்ளையும் நலமாக இருக்க வேண்டுமென்று ஐந்து வேளையும் அல்லாஹ்விடம் கேட்கிறேன். என் நலம் கேட்டால், தொண்டைக்குள் யாரோ தேங்காய் திருவுகிறார்கள், பேச்சு வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். உன் தம்பி ஹுஸ்னி இதை ஜன்னலுக்கு வெளியே நின்று போட்டோ எடுத்து அனுப்புவான்.

விஷயம் இதுதான் மகள், எனக்குக் கொரோனா. ஒருமுறை வந்துவிட்டது, மூன்று ஊசியும் போட்டாயிற்று, இனி அது என் வாசலுக்கு வராது என்று பலாபத்வலையில் நம்ம மிளகுக் கடையில் இருந்து ஊருக்கே சொல்லிக்கொண்டிருந்தவன் நான். சனிக்கிழமை தும்மல் தொடங்கியது. மிளகு வியாபாரி தும்மினால் யார் சந்தேகப்படுவார்கள், மிளகுத்தூசு என்றேன், எல்லாரும் நம்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை வீட்டிலும் தும்மினேன். கடை பூட்டிக் கிடக்கு, மிளகு எங்க இருந்து வருது என்று கேட்டுக்கொண்டே உன் உம்மா என் மூக்குக்குள் டெஸ்ட் குச்சியை விட்டாள். இரண்டு கோடு. உன் பிரசவத்துக்கு அவள் விமானம் ஏற நாலே நாள். நான் அப்போதே மிளகு மூடை அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டேன். உங்கள இப்பிடி விட்டுட்டு நான் எப்பிடிப் போறது என்று உம்மா வெளியே நின்று ஒரே சத்தம். பிள்ளை நமக்காகக் காத்திருக்காது என்று பெரிதாக எழுதி ஜன்னலில் பிடித்தேன்.

கிருமி தன்னைப் பிரதி எடுக்கும்போது பிழை விடும், மேலே உள்ள முட்கள் மாறிப்போகும், பழையதைப் பழகிய உடம்புக்குப் புதியது சரியாக அடையாளம் தெரியாது என்று முன்பு நீ போனில் சொன்னபோது சிரித்தேன். மூடைகளுக்கு நடுவே இருந்தபோதுதான் விளங்கியது. நம்ம கடைக்கு மிளகு விற்கிற அன்ஸாப் மிளகில் பப்பாசி விதை கலந்து கொண்டுவந்தானே, தண்ணீரில் போட்டேன், விதை மிதந்தது, பிடித்துவிட்டேன். அடுத்த முறை மூடையின் அடியை நனைத்துப் பாரம் ஏற்றிக் கொண்டுவந்தான். என் கை பப்பாசி விதையைத்தான் தேடியது, முதல் மூடையில் ஏமாந்துவிட்டேன். ஆனாலும் பழகிய கை, இரண்டாவது மூடையில் பிடித்துவிட்டது, நட்டம் ஒரு மூடையோடு போயிற்று. ஊசியும் அப்படித்தான், காய்ச்சலோடு வீட்டில் கிடக்கிறேன், ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. அன்ஸாபாவது யோசித்துச் செய்கிறவன். இந்தக் கிருமிக்கு மூளையே இல்லை, பிழைகளில் எது தப்புகிறதோ அது பெருகுகிறது. மூளை இல்லாத ஒன்றிடம் தோற்றதுதான் எனக்கு வெட்கம்.

உம்மா மூன்று தடவை டெஸ்ட் செய்தாள், ஒரே கோடு. நேற்று மாஸ்க்கோடு புறப்பட்டாள். முப்பத்தொரு வருடத்தில் அவளுடைய பையை நான் தூக்காமல் அவள் எந்தப் பயணமும் போனதில்லை. நான் ஜன்னலுக்கு உள்ளே, அவள் வேனுக்குப் பக்கத்தில். என் கண்ணில் தண்ணீர் வந்தது, மிளகு என்று எழுதிக் காட்டினேன். மிளகுக்குக் கிட்டவே வராமல் நின்ற அவள் கண்ணிலும் அதே தண்ணீர்.

வாசலில் உன்னைக் கண்டதும் ஓடி வருவாள், விடாதே. இன்னும் நாலைந்து நாள் மாஸ்க், ஜன்னல்கள் திறந்திருக்கட்டும், டெஸ்டும் செய்யுங்கள். கோபித்தால் என் பெயரைச் சொல்லு, அந்தக் கோபம் எனக்குப் பழகியதுதான். நீ பாரம் தூக்காதே, நேரத்துக்குச் சாப்பிடு. அல்லாஹ் உனக்குச் சுகப் பிரசவத்தைத் தரட்டும், பிள்ளைக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும். மறக்காதே மகள், முதலில் டெஸ்ட், பிறகுதான் கட்டிப்பிடிப்பது. அப்போது எனக்கும் சேர்த்து உம்மாவைக் கொஞ்சம் இறுக்கிப் பிடி.

உன் வாப்பா,
யாகூப்.