துரை கொண்டுபோன பிள்ளையின் மகன்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உங்கள் மூட்டுவலி குறைந்ததா? ஒரு செய்தி, பதற வேண்டாம்.

நம் பூட்டி வெள்ளைக்காரத் துரைக்குப் பெற்ற இரண்டில், வெள்ளையாகப் பிறந்த மகனை மட்டும் அவர் கப்பலேற்றிக்கொண்டு போனாரே, அந்த மகனின் மகன் இறந்துவிட்டார். உங்களுக்கு மாமா மகன் முறை. போன வருஷம் இங்கே சீமையில் அவர் வீடு தேடிப் போன என்னிடம், "எங்க குடும்பத்துல கறுப்பங்க யாரும் இல்ல" என்று முகத்திலடித்தாற்போல் கதவைச் சாத்தியவர். கடைசியில் நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்துக்கே வந்து சேர்ந்தார். பெற்ற பிள்ளைகள் எட்டிப் பார்க்கவில்லை. நான்தான் குளிப்பாட்டினேன், ஊட்டிவிட்டேன்.

ஒருநாள் நகம் வெட்டும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கப்பா தூக்கத்துல ஏதோ பாஷையில அழுவார். அவரைப் பிரிஞ்சப்புறம் அவரோட அம்மா என்ன ஆனாங்க?"

கப்பல் போன மறுநாளே பூட்டி கைக்குழந்தையாக இருந்த உங்கள் அம்மாவைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுக் கிணற்றில் விழுந்ததை எப்படிச் சொல்வேன்?

"மகளை வளர்த்து, பேரன் பேத்தி பார்த்து, நல்லாத்தான் இருந்தாங்க தாத்தா" என்றேன்.

"அப்போ எங்கப்பாவை அவங்க தேடவே இல்லையா?"

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர், அதன்பின் ஊட்டினாலும் வாயே திறக்கவில்லை. அந்த வாரமே முடிந்துவிட்டது.

உங்கள் பழைய நூல்புடவை ஒன்று அனுப்புங்கள், போர்த்திக்கொள்ள. துவைக்க வேண்டாம். வேலைக்குப் போகும் வழியில் எழுதுகிறேன், பஸ் வந்துவிட்டது. நீங்களாக இருந்தால் அவரிடம் என்னம்மா சொல்லியிருப்பீர்கள்?

உங்கள் மகள்