என் தலையில் பிறந்த இனம்

மார்ச் 3, செவ்வாய்
இதை எவரும் நம்பப் போவதில்லை. ஆகவே சத்தியம் செய்தே எழுதுகிறேன். இன்று சதுப்பு நிலத்தில், அறுபத்திரண்டு வயதிலும் சாயம் அறியாத என் கருங்கூந்தலில், காக்கை அளவு ஈ ஒன்று இறங்கி மூளைவரை ஊசி போட்டது. விடுவேனா? ஒரே அமுக்கு. பூச்சி ஆராய்ச்சி செய்யும் அக்கா மகள் அதைச் சீசாவில் போட்டுத் துள்ளினாள். "மாமா, இது மான் ஈ. சிறகு நுனிப் பக்கம் கண்ணாடி மாதிரி முக்கோணம் இருக்கணும். இதுல முழுக்கக் கறுப்பு! புது இனம்!"

மார்ச் 9
இனத்துக்கு என் பெயராம். தபால்காரரிடம் இரண்டு முறை சொல்லிவிட்டேன்.

மார்ச் 11
அவளுடைய பேராசிரியர் ஒரு முசுடு. "ஒத்தை ஈயை வெச்சுக் கதை கட்டாதே. செவ்வாய்க்குள்ள இன்னொண்ணு காட்டு" என்றாராம். கட்டுரை வந்தால்தான் அவளுக்கு வேலை நீடிக்கும். ஆக, என் தலைதான் தூண்டில்.

மார்ச் 14
மூன்று நாளாக வெயிலில் தலையைக் காட்டுகிறேன். கடித்தவை நாலாயிரம், பிடிபட்டவை பதினொன்று. பதினொன்றிலும் அந்தப் பாழாய்ப்போன முக்கோணம்! "அசையாம நில்லுங்க மாமா." நான் என்ன கொடிக்கம்பமா?

மார்ச் 15, ஞாயிறு
கிடைத்தது! கறுப்பு நுனி! அழுதேவிட்டாள்.

மார்ச் 16
பல் துலக்கும்போது உறைத்தது. அந்தச் செவ்வாய் காலை. நேற்றுக் காலை. இரண்டு நாளும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு நான் செய்த காரியம் – ஐயையோ. சொன்னா என் மானம் போச்சு. சொல்லலைன்னா நாளைக்கு ஊரே அவளைப் பார்த்துச் சிரிக்கும். இந்த ஈக்கு உட்கார வேற தலையே கிடைக்கலையா?

மார்ச் 17
சொல்லிவிட்டேன். அவள் ஈரப் பஞ்சால் சிறகைத் துடைத்தாள். பஞ்சு கறுத்தது. முக்கோணம் பளிச்சென்று எட்டிப் பார்த்தது.
"எத்தனை வருஷமா மாமா?"
"இருபத்திரண்டு."
"அம்மாவுக்குத் தெரியுமா?"
"உங்கம்மாவும் அதே சாய டப்பாதான்."
சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கல் வந்துவிட்டது.

மார்ச் 24
"கட்டுரையை அனுப்பறதுக்கு முன்னாடி ஒத்துக்கிட்டியே, இன்னும் ஒரு வருஷம் வேலையில இரு" என்றாராம் முசுடு. பதின்மூன்று ஈக்களும் ஒரே பெட்டியில், பழைய இனத்தின் பெயரில். சீட்டில் அவள் கையெழுத்து: 'பிடித்த இடம்: மாமா தலை.' என் முடி வேரெல்லாம் வெள்ளை தெரிகிறது. டப்பாவைத் தூக்கி எறிந்துவிட்டேன்.
காக்கை அளவு, நாலாயிரம், கருங்கூந்தல் எல்லாம் புளுகு. கடித்தது மட்டும் நிஜம். இன்னும் அரிக்கிறது.