நான் கையெழுத்துப் போடாத அறை

வெள்ளைக்கடல் கரை,
பிப்ரவரி 11.

என் கண்ணே தோன்யா,

நானும் அப்பாவும் இங்கே சுகம். அவருக்கு வழக்கம்போல முழங்கால் வலி, எனக்கு வழக்கம்போல அவர், மற்றபடி குறை ஒன்றும் இல்லை. நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருப்பதும் உன் மாமனார் மாமியாரும் அங்கே நன்றாக இருக்கிறீர்கள் என்று உன் கையால் எழுதி வந்தால்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும், அதனால் இதைப் படித்து முடித்ததும் சோம்பாமல் பதில் எழுது. தொலைபேசியில் பேசலாமே என்பாய். கப்பல் கட்டும் தளத்தில் வேலை செய்கிறவள் வெளிநாட்டு அழைப்பில் கப்பல் என்ற வார்த்தையைச் சொன்னாலே யாருக்காவது காது நீண்டுவிடும் என்று உனக்குத் தெரியாதா. இந்தக் கடிதம் தபாலிலும் வரவில்லை. உங்கள் கடற்படையிலிருந்து மேற்பார்வைக்கு வந்திருக்கும் அந்த உயரமான பஞ்சாபி அதிகாரி விடுமுறைக்கு ஊர் போகிறார், அவர் பெட்டியில்தான் வருகிறது. கூடவே ஒரு ஜாடி மொரோஷ்காப் பழ ஜாம் (அதிகாரி வழியில் திறந்து பார்க்காமல் இருந்தால் முழு ஜாடி), காய்ந்த காளான், அப்புறம் ஒரு சின்னக் கம்பளிப் பொட்டலம். பிறக்கும் முன்னே எதுவும் பின்னக் கூடாது, வாங்கக் கூடாது என்பது எனக்கு மறக்கவில்லை. அது தேநீர்க் கெண்டிக்குப் பின்னிய தொப்பி. கெண்டிக்குக் கால் குளிருமே என்று இரண்டு காலுறையும் பின்னினேன். யாராவது கேட்டால் அப்படியே சொல்.

இங்கே கடல் இன்னும் இறுகித்தான் கிடக்கிறது. அப்பா விடிந்ததும் பனிக்கட்டியில் ஓட்டை போட்டு நவாகா மீன் பிடிக்கப் போய்விடுகிறார், பிடித்ததைவிட அதிகமாகப் பேசிவிட்டு வருகிறார். சம்பந்தி வீட்டாரோடு பேசுவதற்காக இசைத்தட்டு வைத்து ஆங்கிலம் வேறு படிக்கிறார். இதுவரை "இந்த ரயில் எத்தனை மணிக்குப் புறப்படும்" என்று கேட்கத் தெரியும், பதில் சொன்னால் புரியாது. இங்கே நாங்கள் சீர் செய்யும் உங்கள் போர்க்கப்பலுக்காக முன்கூட்டி வந்து தங்கியிருக்கும் மாலுமிப் பையன்கள் தலையில் தொப்பி மேல் தொப்பி போட்டுக்கொண்டு சந்தைக்கு வருகிறார்கள். உருளைக்கிழங்கு விற்கிறவள் அவர்களுக்காக இப்போது காய்ந்த மிளகாயும் வைத்திருக்கிறாள். நானும் ஒரு பிடி வாங்கி முட்டைக்கோஸ் சூப்பில் போட்டேன். அப்பா மூன்று தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, "நம்ம பொண்ணு இதையா தினம் சாப்பிடுறா" என்று கண் கலங்கினார். மிளகாயினால் கலங்கியதா, உன்னை நினைத்தா என்று நான் கேட்கவில்லை.

போன கடிதத்தில் நீ எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. சாப்பாட்டு மேசையில் சம்பந்தி செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "கப்பல வாங்கினோமா, இல்ல கப்பலுக்குச் சோறு போட்டு வளக்குறோமா? உங்க ஊர்க்காரங்க அங்க வேலை செய்யறாங்களா, குளிர் காயறாங்களாம்மா?" என்று கேட்டாராம், எல்லோரும் சிரித்தார்களாம், நீ அடுப்படிக்குப் போய் அழுதாயாம். அழாதே பெண்ணே. அவர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனிதர், சொன்ன விலைக்கு மேல் ஒரு காசு கேட்டாலும் அவருக்கு உறுத்தத்தான் செய்யும். அதுவும் அவர் நாட்டுப் பணம். கோபப்படுவதற்கு அவருக்கு உரிமை இருக்கிறது. ஆனால் நாங்கள் குளிர் காய்கிறோம் என்று மட்டும் சொல்ல வேண்டாம். இந்தக் குளிரில் அந்த இரும்புக்குள் காய்வதற்கு எங்கே இடம் இருக்கிறது?

இது ரகசியமும் இல்லை, எங்கள் ஊர்ப் பத்திரிகையிலேயே வந்துவிட்டது, அதனால் அவருக்கு நீயே விளக்கிச் சொல்லலாம். எங்கள் பழைய கப்பலின் உடம்பைச் சும்மா தருகிறோம், சீர் செய்யும் கூலி மட்டும் கொடுங்கள் என்று பெரியவர்கள் கைகுலுக்கினார்கள். விலை போட்டவர்கள் வரைபடத்தைப் பார்த்துப் போட்டார்கள். உள்ளே எட்டிப் பார்க்க வேண்டுமானால் உட்சுவர்த் தகடுகளைக் கழற்ற வேண்டும், அதற்கு யாருக்குப் பொறுமை. பாதி கேபிள் பழையதே இருக்கலாம் என்று எழுதிவிட்டார்கள். நாங்கள் போய்த் தகட்டைக் கழற்றித் தொட்டதும் கேபிளின் மேல்தோல் காய்ந்த ரொட்டி மாதிரி விரலில் உதிர்ந்தது. பழைய சட்டையில் ஒரு கிழிசலைத் தைக்கப் போனால் பக்கத்துத் துணி கையோடு வருமே, அந்தக் கதைதான். ஒரு அறையைத் திறந்தால் அடுத்த அறை, அதற்கு அடுத்தது. புதுக் கேபிள், புதுக் கூலி, புதுத் தேதி. ஒவ்வொரு முறையும் உங்கள் ஊர் அதிகாரிகள் கோபமாக வந்து இறங்குவார்கள், எங்கள் பெரியவர்கள் விருந்து வைப்பார்கள், விலை ஏறும், தேதி தள்ளும். ஏமாற்றியவர்களும் நடுவில் இருக்கலாம், எனக்குத் தெரியாது. நான் இழுத்த கேபிளில் ஏமாற்று இல்லை, அது எனக்குத் தெரியும்.

இந்தத் தேதி தள்ளுவதில் உங்கள் நாட்டைவிட அதிகம் நொந்தவள் நான்தான் தோன்யா. நீ மொழிபெயர்ப்பாளராக இருந்தவள், உனக்குப் பாஸ்போர்ட் கொடுத்தார்கள். தளத்துக்குள் வேலை செய்கிற எனக்கு யார் கொடுப்பார்கள்? வேலையை விட்டாலும் ஐந்து வருஷம் நாட்டை விட்டு நகரக் கூடாது. அதே தளத்தில் இருந்து ஓய்வு பெற்ற அப்பாவுக்கு அந்தத் தடை இன்னும் முடியவில்லை. எனக்கு இருந்த ஒரே வழி அந்தக் கப்பல்தான். கப்பலோடு போய் உங்கள் துறைமுகத்தில் ஒரு வருஷம் தங்கிப் பழுது பார்க்கும் உத்தரவாதக் குழுவில் மின்பிரிவுக்கு என் பெயரையும் போட்டார்கள், கேள்விப்பட்ட அன்று நான் தளத்து வாசலிலேயே என்னோடு கேபிள் இழுக்கும் ல்யூபாவைக் கட்டிக்கொண்டு அழுதேன். வருகிற இலையுதிர் காலத்தில் புறப்பாடு. நான் வந்து இறங்கும்போது குழந்தைக்கு ஐந்தாறு மாதம் இருக்கும், கழுத்து நின்றிருக்கும், தூக்கத் தோதான வயது. அப்பா தன் ஓய்வூதியத்தில் எனக்குச் சக்கரம் வைத்த பெட்டி ஒன்று வாங்கி வந்து அலமாரி மேல் வைத்தார். வேலைக்குப் போகும் முன் தினமும் ஒரு முறை அதைப் பார்த்துவிட்டுப் போவேன். இப்போது நான் சொல்லப் போவதைக் கேட்டு நீ பதறக் கூடாது, இந்த நேரத்தில் பதறினால் குழந்தைக்கு ஆகாது. உட்கார்ந்துகொள், தண்ணீர் குடி, பிறகு படி.

டிசம்பர் கடைசியில் எங்கள் தளத்தில் என்ன நடக்கும் என்று நீ பார்த்திருக்கிறாய். காலாண்டு முடிகிறது என்றால் முடியாத அறைக்கும் தகட்டை மூடிப் பெயிண்ட் அடித்து முடிந்தது என்று கையெழுத்து வாங்குவார்கள், ஊக்கத்தொகை வரும், புத்தாண்டு முடிந்ததும் அதே தகட்டை மறுபடி கழற்றி மிச்ச வேலையை முடிப்போம். சில சமயம் கப்பலை ஒப்படைத்த பிறகுகூட. நம் நாட்டுக் கப்பல் என்றால் விரிகுடாவுக்கு அந்தப் பக்கம்தான் நிற்கும், கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு படகேறினால் போதும். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள், நானும் செய்திருக்கிறேன், யாரும் அதைத் தப்பு என்று நினைத்ததில்லை. உங்கள் அதிகாரிகள்தான் பாவம், மூடியிருந்தால் முடிந்தது என்று நம்பினார்கள். இந்த முறை மூடச் சொன்னது இளம் அதிகாரிகள் படுக்கும் அறை வரிசை, கையெழுத்துப் போட வேண்டியவள் நான். பின்னால் பழைய கேபிள் அப்படியே கிடக்கிறது, புதியது இன்னும் வந்து சேரவில்லை. பிரிவு மேலாளர் வலேரி அர்கதியெவிச் ஒரு சாக்லெட் பெட்டியோடு வந்தார். "கலீனா இவானொவ்னா, கையெழுத்து மட்டும் போடுங்க. மார்ச்ல கழட்டி முடிச்சிடலாம், நான் இருக்கேன்ல" என்றார். மார்ச்சில் எங்கே கழற்றுவது? பனி உருகினதும் சோதனை ஓட்டம், அது முடிந்தால் புறப்பாடு. அதற்கப்புறம் அந்தத் தகட்டைக் கழற்ற வேண்டுமானால் உங்கள் வெயில் கடலில்தான், அதுவும் கேபிள் பற்றிப் புகை வந்த பிறகு. நான் முடியாது என்றேன். அவர் கெட்டவர் இல்லை. பிறகு மெதுவாக, "பட்டியல்ல உங்க பேரு இருக்கு, ஞாபகம் இருக்கா? நீங்களே உங்க பொண்ண ரெண்டு வருஷம் தள்ளி வைக்கிறீங்க" என்றார்.

எனக்கு அது தெரியாமலா இருந்தது? அந்த அறையில் யார் படுத்தாலும் நான் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன் என்று உன்னிடம் பெருமையடிக்க எனக்கு வாய் வரவில்லை. முன்பு போட்டவள்தானே. ஆனால் அந்தக் கப்பலை ஓட்டிப் போகும் அதிகாரிகளில் ஹேமந்தும் ஒருவன், அவன் எங்கள் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து என் கையால் அப்பம் தின்றவன், என் பெண்ணின் புருஷன். அவன் தலைமாட்டில் அந்தக் கேபிளை வைத்து மூடிவிட்டு நான் பெட்டியை உருட்டிக்கொண்டு பேரக்குழந்தையைப் பார்க்க வருவதா? பேனாவை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். சாக்லெட்டையும் கொடுத்திருக்க வேண்டும், எங்கள் குழுப் பெண்கள் அதற்குள் பாதி தின்றுவிட்டார்கள்.

எங்கள் குழுவுக்குப் புத்தாண்டு ஊக்கத்தொகை போயிற்று. ல்யூபா எல்லோர் முன்னாலும், "உனக்கு மாப்பிள்ளை இருக்கான், எங்களுக்கு என்னடி இருக்கு" என்று கேட்டாள். பத்து நாள் என்னோடு பேசாமல் பக்கத்திலேயே கேபிள் இழுத்தாள். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் அப்பத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து, "கோவம் இன்னும் போகல. சூடா இருக்கு, மொதல்ல தின்னு" என்று உட்கார்ந்தாள். அந்த அறை வரிசையில் தகட்டைக் கழற்றிக் காட்டியதும் உங்கள் ஊர் அதிகாரிகள் பக்கத்து வரிசைகளையும் கழற்றச் சொன்னார்கள். அங்கேயும் அதே நிலைமை. போன வாரம் புதுத் தேதி சொல்லிவிட்டார்கள். இந்த இலையுதிர் காலம் இல்லை, அடுத்ததும் இல்லை, அதற்கும் அடுத்தது. உத்தரவாதக் குழுவின் பட்டியலைப் புதிதாகப் போடுவார்களாம், மருத்துவர் பார்த்து, வயது பார்த்து. என் பெயர் இருக்குமா என்று வலேரி அர்கதியெவிச்சைக் கேட்டேன், அவர் தரையைப் பார்த்தார். அப்பா பனியில் மீன் பிடிக்கும் கிழவர்களிடமெல்லாம், "என் பொண்டாட்டி ஒரு போர்க்கப்பலையே நிறுத்திட்டாய்யா" என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். வீட்டுக்கு வந்ததும் அலமாரி மேலிருந்த பெட்டியை இறக்கி அதில் வெங்காயத்தைக் கொட்டி வைத்துவிட்டார். என் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்றுதான் செய்தார், எனக்குத் தெரியும். நானும் அதிலிருந்தே வெங்காயம் எடுத்துச் சமைக்கிறேன்.

அதனால் சம்பந்தியிடம் மரியாதையாக, தனியாக இருக்கும்போது சொல். மற்ற தாமதத்துக்கெல்லாம் யாரைத் திட்ட வேண்டுமோ திட்டட்டும், கடைசியாகத் தள்ளிய தேதிக்கு என்னைத் திட்டச் சொல். அதற்கு அவர் நாடு கொடுக்கிற பணத்தோடு நானும் என் பங்கைக் கொடுத்திருக்கிறேன். ஹேமந்திடம் இப்போது சொல்லாதே. அந்தப் பையன் எனக்கு நன்றி சொல்லி எழுத ஆரம்பித்துவிடுவான், எனக்கு அதைத் தாங்க முடியாது. உனக்கும் என் மேல் கோபம் வரும். வரட்டும். பிரசவத்துக்கு அம்மா பக்கத்தில் இல்லையே, பிறந்த பிறகாவது வருவாள் என்று இருந்தேனே என்று நீ அழுவாய். நானும் இதை எழுதும்போது அழுதுகொண்டுதான் எழுதுகிறேன், மை கலைந்த இடம் அதுதான். மாமியார் சொல்வதைக் கேள், அவர் பிள்ளை பெற்றவர். காரத்தைக் குறை, மாடிப்படியில் ஓடாதே, கனமான வாளியைத் தூக்காதே, வலி எடுத்தால் வெட்கப்படாமல் கத்து.

கடவுள் உன்னையும் உன் வயிற்றில் இருப்பதையும் அவர் கைக்குள்ளே வைத்துக் காக்கட்டும், ஹேமந்துக்கு நீண்ட ஆயுள் கொடுக்கட்டும், உங்கள் வீட்டில் சண்டை வந்தால் அன்றைக்கே தீரட்டும். ஒன்றே ஒன்று மட்டும் நினைவில் வை. பட்டியலில் என் பெயர் இருந்தால் கப்பலோடு வருவேன், இல்லாவிட்டால் வேலையை விட்டு, தடை முடிகிற அன்றே விமானம் ஏறுவேன். எப்படி வந்தாலும் அதற்குள் அந்தக் குழந்தை நடக்கும், பேசும். ஆகையால் பிறந்த நாள் முதலே அதனிடம் நம் மொழியிலும் பேசு, தினமும் பேசு. என்னைப் பார்த்து "நீ யாரு" என்று அது கேட்கும் அல்லவா, அதையாவது எனக்குப் புரிகிற மாதிரி கேட்கட்டும்.

உன்னை நெஞ்சோடு அணைத்து முத்தமிடும்,
உன் அம்மா
கலீனா