எடை போடாமல் கொடுத்த மாத்திரை

என் கூடப் பிறந்த குருவம்மா,

உனக்கு அநியாயம் நடந்தது. மனசு சரியில்லை என்று போன உனக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தவர்கள், இதைச் சாப்பிட்டால் உடம்பு போடலாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. உடம்பு போட்டதும் ஊரே உன்னைக் கேலி செய்தது. கேலி தாங்காமல் நீ மாத்திரையை நிறுத்தினாய். பழைய நோய் திரும்பி வந்தது. அதற்கும் உன்னையே குற்றம் சொன்னார்கள். நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. இதை யாராவது எழுதுவார்கள் என்று பார்த்தேன். எழுதவில்லை. நான் எழுதுகிறேன்.

கடிதம் உனக்குத்தான். மற்றவர்களும் படிக்கட்டும் என்றுதான் அச்சுக்குக் கொடுக்கிறேன். அறுபத்தேழு வயதில் எனக்கு யாரிடம் என்ன பயம்?

உன் வீட்டுக்காரர் இறந்த பிறகு ஆறு மாதம் நீ சரியாகத் தூங்கவில்லை, சாப்பிடவில்லை, தலை சீவவில்லை. மாத்திரை உனக்கு நன்றாகக் கேட்டது. அதை மறைக்கக் கூடாது. மாத்திரை தொடங்கிய மூன்றாம் மாதமே மறுபடியும் பட்டாசுக் கம்பெனி வேனில் ஏறிப் போனாய். வெடிக்குத் திரி செருகும் அறையில் உன் பழைய இடத்தில் உட்கார்ந்தாய். சாயங்காலம் என் வீட்டு வாசலில் நின்று சிரித்துப் பேசிவிட்டுப் போனாய். அந்தச் சிரிப்பு திரும்பியபோதே எடையும் ஏற ஆரம்பித்தது. ஒரு வருஷத்தில் உன் ரவிக்கை ஒன்றுகூட உனக்குச் சேரவில்லை.

அந்த அறைக்கு ஒரு விதி உண்டு. நான்கு பேருக்கு மேல் உட்காரக் கூடாது; பொறி பட்டால் வாசல் வழியே ஒரே ஓட்டமாக வெளியேறிவிட வேண்டும். விதி சரியானது, நான் குறை சொல்லவில்லை. ஆனால் போர்மேன் அதை எப்படிச் சொன்னான்?

"ஏ குருவம்மா, தீப்பிடிச்சா நீ ஓடுவியா, இல்ல வாசல அடைச்சுக்கிட்டு நிப்பியா? பெறகு மத்தவுக எங்கிட்டு ஓட?"

கூட இருந்த மூன்று பேரும் சிரித்தார்கள். மறுநாளே உன்னைப் பெட்டி ஒட்டும் கொட்டகைக்கு மாற்றினான். இருபது வருஷம் உட்கார்ந்த இடம் ஒரு சிரிப்பில் போனது. அந்த இடத்தைத் திரும்பப் பிடிக்க வேண்டும் என்றுதான் நீ மாத்திரையை நிறுத்தினாய். யார் பேச்சைக் கேட்டு நிறுத்தினாய் என்பதைப் பின்னால் சொல்கிறேன். சொல்லாமல் விடமாட்டேன்.

அதன் பிறகு நீ கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாய். அடுத்த வருஷம் மார்வலியில் போய்விட்டாய்.

இனி இங்கே நடந்ததைக் கேள். நீ போன பிறகு எனக்கும் அதே நோய் வந்தது. நம்புவாயா? நான் வேலை பார்க்கும் அச்சாபீசில் கலர் பார்க்கும் மிஷின் முன்னால் நின்று, சிவப்பு எது நீலம் எது என்று பார்க்கும் அக்கறைகூட இல்லாமல் அழுதேன். உன் மதினிதான் என்னை விருதுநகருக்கு டாக்டரிடம் இழுத்துப் போனாள். மாத்திரை எழுதினார்கள். எனக்கும் கேட்டது. தூக்கம் வந்தது, சோறு இறங்கியது. பிறகு சோறு மட்டுமே இறங்கியது. அறுபத்திரண்டு கிலோ ஆள் ஒரு வருஷத்தில் எழுபத்தாறு ஆனேன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மருந்துக் கடைக்குப் போய், மாத்திரை அட்டையோடு பெட்டிக்குள் வரும் தாளைக் கேட்டேன்.

"அது எதுக்கு அண்ணாச்சி ஒங்களுக்கு? எல்லாரும் தூரப் போடுறது."

"தூரப் போடுறதத்தானப்பா கேக்கேன். குடு."

வீட்டுக்கு வந்து என் அச்சாபீஸ் லென்ஸை வைத்துப் படித்தேன். நான் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படித்தவன் இல்லை என்பது உனக்குத் தெரியும். ஈய எழுத்துக் கோத்த காலத்தில், இடம் வலம் மாறிக் கிடக்கும் எழுத்தைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது. அது போதுமாக இருந்தது. பசி கூடும், எடை கூடும் என்று எறும்பு அளவு எழுத்தில் போட்டிருந்தான். குருவம்மா, இந்த மாதிரித் தாளை நம் ஊரில் நானே எத்தனை தடவை அச்சில் ஓட்டியிருப்பேன்! மை சரியாக விழுந்திருக்கிறதா, வரி விலகாமல் நிற்கிறதா என்று இதே லென்ஸால் பார்த்திருக்கிறேன். எழுத்தைப் பார்த்தேன். என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு நாளும் படிக்கவில்லை.

தாளை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். சின்ன வயசுப் பெண். "இத ஏம்மா எங்கிட்டச் சொல்லல?" என்றேன். "சொன்னா பயந்துக்கிட்டு மாத்திரை போட மாட்டாங்க, ஐயா" என்றார். "சொல்லாம விட்டா பாதியில நிறுத்துவாக. என் தங்கச்சி நிறுத்துனா" என்றேன். அந்த அம்மாள் தாளை வாங்கிப் பார்த்தார். பிறகு என்னை எடை பார்க்கச் சொன்னார். அந்த அறையில் எடை மிஷின் இல்லை! ஒரு வருஷமாக என்னை யாரும் எடை போடவும் இல்லை. அந்த எழுபத்தாறும் ரயில்வே ஸ்டேஷனில் நானே காசு போட்டுப் பார்த்தது.

டாக்டர் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாத்திரையை நானாக நிறுத்தக் கூடாது. மனசு நிலையாக நின்றால் அவரே மெதுவாகக் குறைப்பார், தேவைப்பட்டால் மாற்றுவார். அதுவரை தினமும் நடக்க வேண்டும், ராத்திரிச் சாப்பாட்டை முன்னாலேயே முடிக்க வேண்டும், சாயங்காலம் வரும் பசி மாத்திரையின் பசி என்று புரிந்துகொள்ள வேண்டும். அந்தப் பசி உனக்கும் வந்திருக்கும். வயிறு நிறைந்திருக்கும்போதே ஒரு பொட்டலம் காராச்சேவைக் கேட்கும் பசி. நான் அதற்கு அவித்த பயறு கொடுத்து ஏமாற்றினேன்.

மாதா மாதம் எடை பார்க்க, மிளகாய் வத்தல் கமிஷன் கடை வைத்திருக்கும் என் சேக்காளி காதர் பாயிடம் போனேன். மூட்டை போடும் தராசு, ஏமாற்றாது என்று நினைத்தேன். பாய் சும்மா இருப்பாரா?

"வத்தல்னா சாக்குல குத்திச் சாம்பிள் பாப்போம் அண்ணாச்சி. ஒங்கள எங்க குத்த?"

"ஒம்ம வாயில குத்திப் பாரும்யா மொதல்ல."

இரண்டாம் மாதம் ஒரு கிலோ குறைந்திருந்தது. மூன்றாம் மாதம் ஒரேயடியாக நான்கு கிலோ. பழைய சட்டையைப் போட்டு மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு தெருவெல்லாம் நடந்தேன். உன் மதினியிடம் பெருமை அடித்தேன். நான்காம் மாதம் ஏறி நின்றால் அந்த நாலு கிலோவும் திரும்பி வந்திருந்தது. பாய் தராசில் சாக்கு எடையைக் கழிக்கும் பொத்தானை உற்றுப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். போன மாதம் வத்தல் லோடுக்காக காலிச் சாக்குகளின் எடை நாலு கிலோவைக் கழிக்கும்படி தராசில் வைத்திருந்திருக்கிறார். அதை எடுக்காமலே என்னை ஏற்றிவிட்டார். நான் குறைந்தது அந்த முதல் ஒரு கிலோதான்.

சிரிக்கிறாயா? எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வந்து மாத்திரை அட்டையை எடுத்தேன். நேரே குப்பைக் கூடைக்குப் போனேன். கையை நீட்டிய இடத்தில்தான் என் குரலே எனக்குக் கேட்டது.

நம் ஊர் அம்மன் கோவில் பங்குனிப் பொங்கல் சாப்பாட்டில், எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது, நான்தான் உன்னிடம் சொன்னேன். "ஏ பிள்ள, அந்த மாத்திரையத் தூக்கிப் போடு. பத்து நாள்ல வடிஞ்சிரும். ஒனக்கு என்ன சீக்கு? வேலையப் பாத்தா எல்லாம் சரியாப் போகும்." நீ இலையைப் பார்த்துத் தலையாட்டினாய். சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை என்று டாக்டரைக் கோபித்தேன். சொல்லக் கூடாததைச் சொன்னவன் நான். அட்டையைக் குப்பையில் போடவில்லை. அன்றைக்குரிய மாத்திரையைத் தண்ணீர் ஊற்றி விழுங்கினேன். விழுங்கிவிட்டு நடக்கப் போனேன்.

தாளோடு டாக்டரிடம் போய் இப்போது ஒன்றரை வருஷம் ஆகிறது. அறுபத்தேழு கிலோவில் நிற்கிறேன். சாக்குக் கழிக்காத அறுபத்தேழு. மாத்திரையை டாக்டர் பாதியாக்கியிருக்கிறார். தூங்குகிறேன், சண்டை போடுகிறேன், சட்டைப் பொத்தானும் போடுகிறேன். இது நடக்கும், குருவம்மா. மெதுவாக நடக்கும். உனக்கும் நடந்திருக்கும்.

இனிதான் முக்கியமான செய்தி. சாத்தூரில் இருக்கும் உன் மகள் ஜெயந்திக்கு இரண்டாவது பிள்ளை பிறந்தபிறகு மனசு சரியில்லை. அவளுக்கும் மாத்திரை எழுதியிருக்கிறார்கள். வாங்கி வைத்து ஒரு வாரம் ஆகியும் அவள் போடவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை போனேன். அட்டையை என் முன்னால் வைத்தாள்.

"மாமா, அன்னைக்குப் பந்தியில அம்மாகிட்ட இதத் தூக்கிப் போடச் சொன்னீகள்ல? நான் சாம்பார் வாளியோட பின்னாலதான் நின்னேன். இப்ப எங்கிட்ட என்ன சொல்லப் போறீக?"

இவ்வளவு வருஷம் அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. என்னிடமும் கேட்கவில்லை.

"தப்புச் சொன்னேன் தாயி" என்றேன். "ஒங்கம்மாவ நான்தான் நிறுத்த வச்சேன்."

அவள் அழுதாள், நானும் அழுதேன். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஊதிருவேனா?" என்றாள்.

"ஊதலாம். ஊதாமலும் போகலாம். ஊதுனா டாக்டர்ட்டச் சொல்லிக் கொறைப்போம். நீயா நிறுத்தாத."

மறுநாள் அவளைக் காதர் பாய் கடைக்குக் கூட்டிப் போனேன். ஏறும் முன்பு அவளே பாயிடம் கேட்டாள்: "சாக்குக் கழிவு எடுத்தாச்சா?" ஐம்பத்து நாலு கிலோ. அதை என் நோட்டில் எழுதிவிட்டுத்தான் முதல் மாத்திரையைப் போட்டாள்.

செய்ய வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன். டாக்டர்கள் தங்கள் அறையில் ஒரு எடை மிஷின் வைக்க வேண்டும். முதல் மாத்திரைக்கு முன்பே எடையைச் சீட்டில் எழுத வேண்டும். உடம்பு போடலாம், நீங்களாக நிறுத்தாதீர்கள் என்ற இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். மருந்துக் கம்பெனிக்காரர்கள் அந்தத் தாளைத் தமிழில், கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் அடிக்க வேண்டும். எழுத்துப் பிழை பார்த்துக் கொடுக்க நான் இருக்கிறேன். கடைக்காரர் அதைத் தூரப் போடாமல் கையில் கொடுக்க வேண்டும். போர்மேன், ஓட முடியாதவரை வேறு அறைக்கு மாற்றட்டும். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லட்டும், உடம்பு சரியானதும் அவர் இடத்தைத் திருப்பிக் கொடுக்கட்டும். பந்தியில் உட்காருகிறவர்கள் அடுத்தவர் உடம்பைப் பார்க்காமல் தங்கள் இலையைப் பார்க்க வேண்டும். ஜெயந்தி தினமும் மாத்திரையைப் போட வேண்டும். நான் மாதா மாதம் அவளோடு போய் அவளுக்கு முன்பு அந்தத் தராசில் ஏற வேண்டும். ஏறுவேன்.

உன் பேச்சைக் கேட்காமல் பேசிவிட்ட,
உன் அண்ணன்